வீட்டுப் பட்டறையில் ஸ்கூட்டர் கட்டலாமா? கருங்கல் நண்பரின் கேள்விக்கு ஒரு விரிவான பதில்

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் என்ற ஊரில் இருந்து எழுதியிருக்கும் நண்பரின் கேள்வி சுருக்கமாக இதுதான். ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு முடித்திருக்கிறார். வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையில் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினும் கிரைண்டரும் டிரில்லிங் மெஷினும் இருக்கின்றன. கடல் காற்றில் சேசிஸ் (வண்டியின் எலும்புச் சட்டம்) அரித்துப்போன கியர் இல்லாத 110 சி.சி. ஸ்கூட்டர் ஒன்றும் அங்கே கிடக்கிறது. அதன் என்ஜினை மட்டும் எடுத்துக்கொண்டு, பழைய வெஸ்பாவின் சாயலில் ஒரு ஸ்கூட்டரை முழுக்கத் தன் கையாலேயே கட்ட விரும்புகிறார். பழைய வண்டியின் சேசிஸ் எண் அடித்த துண்டை வெட்டிப் புதிய சேசிஸில் பற்றவைத்துவிட்டால் ஆர்.சி. புத்தகம் அப்படியே செல்லுபடியாகும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னாராம். அது சரியா என்றும் கேட்கிறார். இதற்குள் உண்மையில் மூன்று கேள்விகள் இருக்கின்றன: எதை நானே செய்து எதை வாங்க வேண்டும், நான் பற்றவைத்த சேசிஸை நம்பி அதன் மேல் ஏறி உட்காரலாமா, அதைச் சாலையில் ஓட்டலாமா. விபத்தில் வளைந்த இருசக்கர வண்டிகளின் சேசிஸை நேராக்குவது நாகர்கோவிலில் பல ஆண்டுகளாக என் தொழில் என்பதால், முதல் இரண்டுக்கும் அனுபவத்திலிருந்து பதில் சொல்ல முடியும். மூன்றாவதில் சட்டப் புத்தகம் சொல்வதை மட்டும் சொல்கிறேன்.

மூன்றாவதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் மற்ற முடிவுகள் எல்லாம் அதைப் பொறுத்தவை. சேசிஸ் எண்ணை வெட்டி ஒட்டும் யோசனையைத் தயவுசெய்து இன்றே கைவிடுங்கள். ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை உறுதியாகவே நிலைநாட்டியது. அதே ஆண்டில் வந்த திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவில் வகுத்தது. எண்ணை வெட்டி ஒட்டுவதோ அதையும் தாண்டியது: ஒரு வண்டியை இன்னொரு வண்டி என்று காட்டி அரசையும் காப்பீட்டு நிறுவனத்தையும் ஏமாற்றும் செயல். அந்த வண்டி யார் மீதாவது மோதிவிட்டால், காயம்பட்டவருக்கான இழப்பீட்டுச் சுமை நேராக உங்கள் குடும்பத்தின் தலையில் விழும்.

புதிய வண்டியாகவே பதிவு செய்யலாம் என்றால், விண்ணப்பமான படிவம் 20 உடன் விற்பனைச் சான்றான படிவம் 21, வண்டி விதிகளுக்கு ஏற்ப உள்ளது என்று உற்பத்தியாளர் தரும் படிவம் 22 ஆகியவை வேண்டும். அந்த உற்பத்தியாளர், 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126ஆவது விதிப்படி, மாதிரி வண்டியை சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள வாகனச் சோதனை மையம், புனேயில் உள்ள வாகன ஆராய்ச்சி நிறுவனமான ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையம் ஒன்றில் கொடுத்துச் சான்று பெற்றிருக்க வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகளுக்கு பி.எஸ். 6 புகை அளவு கட்டாயம். பழைய கார்புரேட்டர் என்ஜின் அதைத் தொடவே முடியாது. ஆகவே பதிவெண் வரிசை டி.என். 74 ஆன நாகர்கோவிலுக்குப் போனாலும், டி.என். 75 ஆன மார்த்தாண்டத்துக்குப் போனாலும், தனி ஒருவர் கொட்டகையில் கட்டிய ஸ்கூட்டருக்கு எண் கிடைக்காது. மின் மோட்டார் வைத்தால் தப்பிக்கலாம் என்று பலர் சொல்கிறார்கள். 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைந்த மின்வண்டிகளுக்குப் பதிவு தேவையில்லை என்பது உண்மையே. ஆனால் அந்த விலக்கும் சோதனை நிலையம் சரிபார்த்த வண்டிக்குத்தான்.

சுவர் சூழ்ந்த சொந்த இடத்தில் ஓட்டுவது பற்றி மட்டும் சற்றுக் கவனமாகப் பேச வேண்டும். பதிவில்லாத வண்டியைப் பொது இடத்திலோ வேறு எந்த இடத்திலோ ஓட்டக் கூடாது என்பதே 39ஆவது பிரிவின் வாசகம். அதே சட்டத்தின் 2ஆவது பிரிவில் உள்ள விளக்கம், தொழிற்சாலை அல்லது மூடிய வளாகத்துக்குள் மட்டும் பயன்படுத்துவதற்கென்று தனியாக அமைக்கப்பட்ட வண்டியை மோட்டார் வாகனம் என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. உங்கள் ஸ்கூட்டர் அந்த விலக்குக்குள் வருமா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவதே முறை. அதில் பட்டறைக்காரன் கருத்துச் சொல்வது பொருந்தாது. இத்தனையும் சொன்ன பிறகும், இந்த வேலையைச் செய்யுங்கள் என்றே சொல்வேன். ஒரு சேசிஸை வரைந்து, வெட்டி, பொருத்தி, பற்றவைத்து, சோதித்து முடிப்பவருக்குக் கிடைக்கும் கைத்திறன் வேறு எந்தப் பயிற்சியிலும் அப்படி மொத்தமாகக் கிடைப்பதில்லை. சாலையில் ஓட்டுவதற்கு ஒரு வண்டி வேண்டும் என்பதுதான் தேவை என்றால், சேசிஸ் கெடாத, தாள்கள் சரியாக உள்ள பழைய ஸ்கூட்டர் ஒன்றை வாங்கி, அதன் மூல வடிவத்துக்கே புதுப்பிப்பது நேர்மையான வழி.

இனி வேலைக்கு வருவோம். முழுக்கத் தன் கையாலேயே என்பதற்கு ஓர் எல்லை வைத்துக்கொள்ள வேண்டும். சுழல்பவை, பிடித்து நிறுத்துபவை, பெட்ரோலைத் தாங்குபவை ஆகிய மூன்றையும் தொழிற்சாலையில் செய்ததாகவே வாங்குங்கள். சக்கரம், டயர், பேரிங், பிரேக், முன் ஃபோர்க், ஷாக் அப்சார்பர், பெட்ரோல் டேங்க், என்ஜின் ஆகியவை அதில் அடங்கும். சேசிஸ், இருக்கைச் சட்டம், கால்பலகை, முன் கவசம், உடல் பாகங்கள் ஆகியவற்றை நீங்கள் செய்யுங்கள். ஒரு ஸ்கூட்டரின் குணத்தைத் தீர்மானிப்பது இந்த இரண்டாவது பட்டியல்தான். அதிலும் முக்கியமானது ஹேண்டில் அச்சும் இரண்டு சக்கரங்களும் ஒரே செங்குத்துத் தளத்தில் நிற்பது. அந்த நேர்த்தி கிடைத்துவிட்டால் மற்ற குறைகளைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். அது கிடைக்காவிட்டால் பெயிண்டும் குரோமும் எதையும் மீட்காது.

வெஸ்பாவின் சாயல் வேண்டும் என்கிறீர்கள். சாயல் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுமானத்தை மட்டும் லாம்ப்ரெட்டாவிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். 1946இல் வெளிவந்த வெஸ்பாவை வடிவமைத்த கொராதீனோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். அதைச் செய்த பியாஜியோ விமானம் கட்டிய நிறுவனம். அதனால்தான் அங்கே தனிச் சேசிஸ் கிடையாது. அச்சில் அழுத்தி வளைத்த தகடே உடலாகவும் எலும்பாகவும் இருந்து பாரத்தைத் தாங்குகிறது. அடுத்த ஆண்டு வந்த லாம்ப்ரெட்டாவின் நிறுவனர் இன்னொசெந்தி எஃகுக் குழாய்த் தொழிலிலிருந்து வந்தவர். அவர் குழாயில் சேசிஸ் செய்து அதன் மேல் தகட்டை மூடினார். 1972இல் லக்னோவில் தொடங்கப்பட்ட ஸ்கூட்டர்ஸ் இந்தியா லிமிடெட் விற்ற விஜய் சூப்பரும் அந்தக் குழாய் வம்சம்தான். பழைய விஜய் சூப்பர் ஒன்றின் கால்பலகையைக் கழற்றிப் பார்த்தால், தடித்த ஒற்றைக் குழாய் கழுத்திலிருந்து (ஹேண்டில் தண்டு உள்ளே சுழலும் முன் குழாய்) இறங்கிப் பின்னால் போவதைக் காணலாம். தகட்டு உடலுக்குப் பெரிய அச்சுகளும் பிரஸ்ஸும் வேண்டும். குழாய்ச் சேசிஸுக்கு வளைக்கும் கருவியும் பொறுமையும் போதும்.

எவ்வளவு தடித்த குழாய் என்பதை யூகத்துக்கு விடாமல் கணக்குப் போட்டுப் பாருங்கள். மோட்டார் சைக்கிளில் மேலும் கீழுமாக இரண்டு குழாய்கள் சேர்ந்து கழுத்தை முக்கோணமாகப் பிடிக்கும். ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடம் திறந்திருப்பதால் மேல் குழாய் கிடையாது, முழு வளைவு விசையும் இறங்கு குழாயின் மேல் விழுகிறது. முன் பிரேக்கை அழுத்திப் பிடிக்கும்போது தரையில் முன்சக்கரத்தைப் பின்னோக்கித் தள்ளும் விசை 100 கிலோ என்றும், கழுத்து தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், கழுத்தின் அடியில் வரும் திருப்பம் 70 கிலோ-மீட்டர். வெளிவிட்டம் 50 மி.மீ., கனம் 2 மி.மீ. உள்ள குழாயில் இது சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 197 நியூட்டன் அழுத்தம் தரும். சாதாரண இரும்புக் குழாய் 210 முதல் 250 வரை தாங்கிப் பிறகு நிரந்தரமாக வளைந்துவிடும். இடைவெளி மிகக் குறைவு, பள்ளத்தில் விழும் அதிர்ச்சியையோ பற்றவைப்பு ஓரத்தின் பலவீனத்தையோ இதில் சேர்க்கவே இல்லை. 60 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. கனமும் கொண்ட குழாயில் அதே திருப்பம் தரும் அழுத்தம் 110 நியூட்டன் அளவுக்கு இறங்கிவிடுகிறது. கனத்தைக் கூட்டுவதைவிட விட்டத்தைக் கூட்டுவது லாபம் என்பதையும் கவனியுங்கள்: 38 மி.மீ. விட்டமும் 3 மி.மீ. கனமும் உள்ள குழாய், முன் சொன்ன 50 மி.மீ. குழாயைவிட எடை கூடியது, ஆனால் வலிமை குறைந்தது. தண்ணீர் இணைப்புக்கு விற்கும் ஜி.ஐ. குழாய் மலிவாகக் கிடைக்கிறது என்று அதை எடுக்காதீர்கள். அதன் துத்தநாகப் பூச்சு எரியும் புகை நெஞ்சுக்குக் கேடு, பற்றவைப்பையும் துளைத்துளையாக்கும்.

கழுத்தின் சாய்வையும் கணக்கிட்டே முடிவு செய்ய வேண்டும். ஹேண்டில் அச்சைக் கற்பனையாகக் கீழே நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளிக்குப் பின்னால்தான் டயர் தரையைத் தொட வேண்டும். உருளும் நாற்காலியின் சக்கரம் இழுபடும் திசையிலேயே தானாக நேராவதுபோல, இந்த இடைவெளிதான் முன்சக்கரத்தை நேராக வைத்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க, சக்கரத்தின் ஆரத்தைச் சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட்டால் பெருக்கி, அதிலிருந்து, ஹேண்டில் அச்சுக்கும் சக்கர அச்சுக்கும் உள்ள விலகலைக் கோணத்தின் கோசைனால் வகுத்து வருவதைக் கழியுங்கள். 90/100-10 டயரின் ஆரம் 217 மி.மீ.; செங்குத்திலிருந்து 26.5 பாகை சாய்வும் 25 மி.மீ. விலகலும் இருந்தால் இடைவெளி 80 மி.மீ. வருகிறது, 10 அங்குலச் சக்கர ஸ்கூட்டருக்கு அது நல்ல அளவு. பின் ஷாக் அப்சார்பரை அழகுக்காக நீளமாக மாற்றி, 1240 மி.மீ. சக்கர இடைவெளி உள்ள வண்டியின் பின்புறத்தை 20 மி.மீ. தூக்கினால், சாய்வு ஏறத்தாழ 1 பாகை குறைந்து இந்த இடைவெளியிலும் 4 மி.மீ. போய்விடும். ஆகவே முதலில் எந்த ஃபோர்க், எந்தச் சக்கரம், எந்த ஷாக் அப்சார்பர் என்று முடிவு செய்து, பொருள்களைக் கையில் வைத்துக்கொண்டு அளந்த பிறகே குழாயை வெட்டுங்கள்.

இப்போது நேர்த்திக்கு வருகிறேன்; இங்கேதான் நீங்கள் அதிக நாள் செலவிட வேண்டும். கொட்டகைத் தரையை நம்பாதீர்கள். கனமான சி-சேனல் (சி வடிவ இரும்புச் சட்டம்) இரண்டை இணையாக வைத்து, ரசமட்டம் பார்த்துச் சமப்படுத்தி, குறுக்குச் சட்டங்களோடு பற்றவைத்து ஒரு மேடை செய்யுங்கள். அதன் நட்டநடுவே கூரான குத்தூசியால் ஒரு மையக்கோடு கீறிக்கொள்ளுங்கள். பின்சக்கரத்துக்குப் பதிலாக என்ஜின் ஹேங்கரின் (என்ஜினைச் சேசிஸோடு இணைக்கும் பிடியின்) போல்ட் துளைகளைத் தாங்கும் ஒரு நிலைக்கட்டையும், முன்னால் 26.5 பாகையில் சாய்ந்த கழுத்தைத் தாங்கும் ஒரு நிலைக்கட்டையும் அந்தக் கோட்டின் மேல் நிறுத்துங்கள். கழுத்துக் குழாயின் இரு முனைக்கும் லேத்துப் பட்டறையில் கூம்பு வடிவ அடைப்பான்கள் கடைந்து வாங்கி, அவற்றின் நடுத்துளை வழியே நேரான ஒரு கம்பியைச் செலுத்தி, கழுத்துக்குக் கீழே 600 மி.மீ. நீளம் தொங்க விடுங்கள். கம்பியின் நுனி மையக்கோட்டுக்கு நேர் மேலே நிற்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். கழுத்து பக்கவாட்டில் ஒரு பாகை சாய்ந்தாலும் அந்த நுனி 10 மி.மீ. விலகி நிற்கும், கண்ணுக்குத் தெரியாத பிழையைக் கண்ணுக்குக் காட்டும் எளிய கருவி இது.

இந்தக் கம்பியைப் பற்றவைப்பு முடியும்வரை எடுக்காதீர்கள். இரும்பு உருகி ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது குழாயைத் தன் பக்கம் இழுக்கும். கழுத்தின் இடப்பக்கம் ஒரு அங்குலம் பற்றவைப்பு ஓட்டிவிட்டு நின்று பார்த்தால், சிவப்பு மங்கி நீலம் படரும் அந்தச் சில நிமிடங்களில் கம்பி நுனி இடப்பக்கம் நகர்வதை நீங்களே காணலாம். வலப்பக்கம் அதே நீளம் ஓட்டினால் பெரும்பகுதி திரும்பி வரும். அதனால் நான்கு பக்கமும் சிறு டேக் (தற்காலிகப் புள்ளிப் பற்றவைப்பு) வைத்து, எதிரெதிர்ப் பக்கங்களில் சிறிது சிறிதாக ஓட்டி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு அளந்து, அடுத்த ஓட்டம் எந்தப் பக்கம் என்பதைக் கம்பியின் நுனி காட்டும்படி விடுங்கள். முழுக்க ஆறிய பிறகே மேடையிலிருந்து கழற்ற வேண்டும். தண்ணீர் ஊற்றி ஆற்றவே கூடாது. ஹேண்டில் சுழலும் பேரிங்கான கோன் செட் உட்காரும் இடத்தை லேத்தில் அரை மில்லிமீட்டர் குறைவாகக் கடைந்து வைத்து, பற்றவைப்பு முடிந்த பிறகு இறுதி அளவுக்குக் கடையுங்கள். வெப்பத்தில் வட்டம் முட்டையாகிவிடுவது வழக்கம்.

வெல்டர் பிரிவு படித்தவருக்குப் பற்றவைப்பு பற்றிச் சொல்ல வேண்டுமா என்று தோன்றலாம். ஐ.டி.ஐ.யில் பெரும்பாலும் தட்டையான தடித்த தகட்டில் பழகியிருப்பீர்கள். 2 அல்லது 2.5 மி.மீ. குழாயின் வளைவைச் சுற்றி ஓட்டுவது வேறு வேலை. சாதாரணக் கம்பி ஆர்க்கில் அது எளிதில் ஓட்டை விழும். ஓட்டை விழுமே என்று ஆம்பியரைக் குறைத்தால், மேலே அழகாகவும் உள்ளே ஒட்டாமலும் இருக்கும் பற்றவைப்பு வரும், அது இன்னும் ஆபத்து. 0.8 மி.மீ. கம்பியுடன் சி.ஓ.டூ வெல்டிங், அல்லது ஆர்கான் வெல்டிங் நல்லது. உங்களிடம் இருப்பது கம்பி ஆர்க் மெஷின் மட்டும் என்றால், எல்லாவற்றையும் வெட்டிப் பொருத்தி டேக் வைத்து, மேடையோடு தூக்கிக்கொண்டுபோய் ஆர்கான் பட்டறையில் இறுதி ஓட்டம் வாங்குங்கள். அதில் உங்கள் பெருமைக்கு எந்தக் குறையும் இல்லை. குழாய் முனையை மற்றக் குழாயின் வளைவுக்குப் பொருந்தும்படி அரத்தால் ராவி, இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குள் வந்த பிறகே பற்றவைக்க வேண்டும். பொருத்தாத இடைவெளியைப் பற்றவைப்பால் நிரப்பிய மூட்டு, நான் நேராக்க வாங்கும் உடைந்த சேசிஸ்களில் மறுபடி மறுபடி காணும் குறை.

சேசிஸைத் தொடுவதற்கு முன், அதே குழாயில் மாதிரி மூட்டுகள் சிலவற்றைச் செய்து, அவற்றை உடைத்துப் பாருங்கள். ஒன்றை வைஸில் பிடித்துச் சம்மட்டியால் மடக்குங்கள்: குழாய் மடங்கி மூட்டு நிற்க வேண்டும். மூட்டு விட்டுவிட்டால் உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மினுங்கும் பகுதி ஒட்டியது, கருப்பாகக் கோடு போட்டதுபோல் கிடப்பது கசடு, மழமழவென்று கிரைண்டர் தடம் அப்படியே தெரிவது ஒட்டவே ஒட்டாதது. இன்னொன்றைக் குறுக்கே அறுத்து, எமரித் தாளால் மெருகேற்றி, வினிகரில் ஊறவைத்தால் பற்றவைப்பு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது நிழல்போல் வேறு நிறத்தில் தெரியும். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால் வெல்டிங் கம்பிப் பொட்டலம் எப்போதும் ஈரம் இழுத்திருக்கும். நன்றாக உலர்த்தாமல் பயன்படுத்தினால் இந்த மாதிரிகளிலேயே குமிழ்த்துளைகள் காட்டிக்கொடுக்கும்.

என்ஜினைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கியர் இல்லாத ஸ்கூட்டரில் என்ஜின், பெல்ட் பெட்டி, பின்சக்கரம், பின் பிரேக் ஆகியவை ஒரே தொகுதி. அந்தத் தொகுதி முழுவதும் ஹேங்கரில் தொங்கி, ஷாக் அப்சார்பரோடு மேலும் கீழும் ஆடுகிறது. ஹேங்கரையும் அதன் ரப்பர் புஷ்களையும் பழைய வண்டியிலிருந்தே எடுத்துப் புஷ்ஷை மட்டும் புதிதாகப் போடுங்கள். ஒற்றைச் சிலிண்டரின் நடுக்கத்தை விழுங்குவது அந்த ரப்பர்தான். என்ஜினை நேராகச் சேசிஸில் இறுக்கினால் மூட்டுகள் சீக்கிரம் விரிசல் விடும். உடலை அழகாக மூடும் ஆசையில் என்ஜினின் குளிர்விசிறிக்குக் காற்று வரும் வழியை அடைத்துவிடாதீர்கள். பெல்ட் பெட்டியின் காற்றுக்குழாய் வாய் உயரத்தில் இருக்கட்டும், உள்ளே நனைந்தால் பெல்ட் வழுக்கும். இந்த என்ஜின் உங்களுடைய பழைய வண்டியுடையது என்பதால் தொல்லையில்லை. வேறு பாகங்களை ஆக்கர் (பழைய இரும்புக்) கடையில் எடுக்கும்போது, எண் உள்ள எந்தப் பொருளுக்கும் ரசீது வாங்குங்கள், திருட்டு வண்டியின் பாகம் வீட்டில் இருப்பது பெரிய வில்லங்கம்.

பிரேக்கில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். முன் டிரம்மின் பிரேக் தட்டு சுழலாமல் இருப்பது, ஃபோர்க்கில் உள்ள ஒரு மேடு அந்தத் தட்டின் பள்ளத்தில் உட்காருவதால்தான். ஒரு வண்டியின் ஃபோர்க்கையும் இன்னொரு வண்டியின் சக்கரத்தையும் சேர்த்தால், அச்சு பொருந்தினாலும் இந்த மேடும் பள்ளமும் பொருந்தாமல் போகலாம். அப்போது பிரேக் பிடித்ததும் தட்டு சக்கரத்தோடு சுழன்று கேபிளை அறுத்து, ஓட்டுபவரைத் தூக்கி எறியும். ஃபோர்க், சக்கரம், பிரேக் மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து எடுப்பது இதற்காகத்தான். பெட்ரோல் டேங்கையும் வெட்டி ஒட்ட நினைக்காதீர்கள். காலியான டேங்கில் மிஞ்சியிருக்கும் ஆவி, நிறைந்த டேங்கைவிடக் கொடியது. எத்தனை முறை கழுவினாலும் அதன் மேல் நெருப்பு வைக்க உங்களை அனுமதிக்க என் மனம் ஒப்பாது. டேங்குக்கு ஏற்றபடி உடலை வடிவமைத்துக்கொள்ளுங்கள்.

உடல் பாகங்களில்தான் நம் மாவட்டக்காரருக்கு வேறு ஊர்க்காரருக்கு இல்லாத வசதி இருக்கிறது. தகட்டைத் தட்டி வெஸ்பாவின் உருண்ட பக்கங்களைக் கொண்டுவரக்கூடிய டிங்கர் கிடைப்பது அரிது. ஆனால் கடற்கரை ஊர்களில் பைபர் வள்ளம் செய்பவர்களும் பழுதுபார்ப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் கையில் உள்ளதுதான் உங்களுக்கு வேண்டிய தொழில். மரத்திலும் பட்டியிலும் உருவத்தைச் செய்து, அதன் மேல் மெழுகு பூசி அச்சு எடுத்து, அச்சுக்குள் ஜெல் கோட் என்ற மேற்பூச்சை அடித்து, சதுர மீட்டருக்கு 450 கிராம் கண்ணாடி நார்ப் பாயை ரெசினில் தோய்த்து அடுக்கினால் ஒரு அடுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம் தரும். மூன்று அடுக்கு போதும். ரெசினில் இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட்டைக் கலந்து முடித்த பிறகே ஹார்ட்னரை ஊற்ற வேண்டும். இரண்டையும் நேராக ஒன்றோடொன்று கலந்தால் தீயும் வெடிப்பும் உண்டாகும், இதில் விளையாடக் கூடாது. மழைநாளில் ரெசின் சரியாக இறுகாது, வெயில் வரும்வரை காத்திருங்கள். பைபர் பாகம் அழகுக்கும் மழைத்தண்ணீரைத் தடுக்கவும் மட்டுமே. எந்தப் பாரத்தையும் அதன் மேல் வைக்காதீர்கள், சைலன்சர் பக்கத்தில் கை நுழையும் இடைவெளி விடுங்கள்.

உங்கள் பழைய சேசிஸ் எப்படிப் போனதோ அப்படியே புதியதும் போகாமலிருக்க வழி செய்ய வேண்டும். உப்புக்காற்று குழாயை வெளியிலிருந்து தின்பதைவிட உள்ளிருந்து தின்பதுதான் அதிகம். குழாய் முனைகளை எல்லாம் தகடு வைத்து அடைத்துவிடுங்கள். கடைசி மூட்டை அடைக்கும்போது உள்ளே சூடான காற்று விரிந்து, உருகிய இரும்பைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். அதற்குப் பாரம் குறைந்த ஓரிடத்தில் 3 மி.மீ. துளை ஒன்று விட்டு, ஆறிய பிறகு அதன் வழியே துரு தடுக்கும் எண்ணெயைச் செலுத்தித் துளையை அடைத்துக்கொள்ளலாம். வெளியே எபாக்ஸி பிரைமர் அடித்த பிறகே பெயிண்ட்.

நம்பி ஏறலாமா என்ற இரண்டாவது கேள்விக்கு இப்போது நேராகப் பதில் சொல்கிறேன். அளவுகள் சரியா, நிற்கும் பாரத்தைச் சேசிஸ் தாங்குகிறதா, மேற்பரப்பில் விரிசல் இருக்கிறதா ஆகிய மூன்றையும் வீட்டிலேயே உறுதியாகத் தெரிந்துகொள்ளலாம். ஆயிரக்கணக்கான குலுக்கல்களுக்குப் பிறகு எந்த மூட்டு எப்போது களைத்து விரியும் என்பதை வீட்டில் போடும் எந்தக் கணக்கும் சொல்லாது; தொழிற்சாலைகள் சேசிஸை நாள்கணக்கில் இயந்திரத்தில் வைத்துக் குலுக்கித்தான் அதை அறிகின்றன. 60 மி.மீ. குழாய் என்று நான் சொன்னதுகூட ஒரே ஒரு நிலையான விசையை வைத்துப் போட்ட முதல் கணக்கு, அதற்கு மேல் என் பட்டறை அனுபவம் தரும் கணிப்பு. பொறியாளரின் சான்று ஆகாது. நமக்குத் தெரியாத அந்தப் பகுதியை, வண்டியை அடிக்கடி சோதிப்பதால் மட்டுமே ஈடுகட்ட முடியும்.

சோதனையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் பின்சக்கரத்தோடு சேர்ந்த என்ஜின் தொகுதி, ஃபோர்க், முன்சக்கரம் ஆகியவற்றைப் பூட்டி, என்ஜினை ஓட்டாமல், பின் டயரின் இருபுறமும் தங்கூசி (நைலான்) நரம்பை இழுத்து முன்சக்கரம்வரை கட்டுங்கள். ஹேண்டில் நேராக இருக்கும்போது முன் டயருக்கும் நரம்புக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். பிறகு இருக்கையிலும் கால்பலகையிலும் 150 கிலோ மணல் மூட்டை ஏற்றி ஓர் இரவு விட்டு, இறக்கிய பிறகு பழைய அளவுக்கே திரும்புகிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு மெல்லிய சரிவில் என்ஜின் ஓடாமல் உருட்டிப் பிரேக் பிடித்துப் பழகுங்கள். அப்புறம்தான் என்ஜினை ஓட விட வேண்டும். சட்டம் அனுமதிக்கும் மூடிய இடம் எதுவானாலும், ஆரல்வாய்மொழிப் பக்கத்து வெளிகளைத் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தேர்ந்தெடுக்காதீர்கள். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே கணவாய்க் காற்று, அகன்ற முன் கவசமும் சிறிய சக்கரமும் உள்ள இலகுவான வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். அப்போது வண்டி இழுப்பது காற்றாலா, சேசிஸின் கோணலாலா என்று பிரித்தறியவும் முடியாது.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழுத்து மூட்டு, ஹேங்கர் பிடிகள், ஷாக் அப்சார்பர் மேல் பிடி ஆகிய மூன்று இடங்களிலும் விரிசல் பாருங்கள். சிவப்புச் சாயம், வெள்ளைப் பொடி என்று தெளிக்கும் டப்பாக்களாக விற்கும் விரிசல் சோதனைப் பொருள் கிடைத்தால் அது சிறப்பு. கிடைக்காவிட்டால் பழைய பட்டறை முறையே போதும்: பெயிண்ட் இல்லாத மூட்டில் மண்ணெண்ணெய் தடவி அரைமணி நேரம் விட்டு, சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைக் குழைத்து மெல்லியதாகப் பூசிக் காயவிடுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் வெளியே கசிந்து, அந்த வெள்ளையில் ஒரு மயிரிழைக் கருங்கோடாகத் தெரியும். அப்படி ஒரு கோடு கழுத்து மூட்டில் தெரிந்தால் அதன் மேலேயே ஓட்டி மூடாதீர்கள். மூட்டை அறுத்து, குழாயைப் புதிதாக வெட்டிப் பொருத்திப் பற்றவைக்க வேண்டும். இந்தச் சோதனைக் காலம் முடியும்வரை அந்த மூன்று இடங்களுக்கும் பெயிண்ட் அடிக்காமல் எண்ணெய் மட்டும் தடவி வையுங்கள்.

இப்போதைக்கு என்ஜினைக் கழற்ற வேண்டாம். ஒரு மீட்டர் குழாய் வாங்கி, மாதிரி மூட்டுகளைச் செய்து, அறுத்து, வினிகரில் ஊறவைத்த முகத்தின் படத்தை இங்கே போடுங்கள். ஆழம் போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.